ஒரு தூக்கு பீட்ரூட் சாறு

1981ஆம் ஆண்டு, ஐப்பசி மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்த ஒரு காலை. புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் நடக்கப் போயிருந்தேன். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. ஊரில் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். மாணவனாக இருந்தபோது நெடுந்தூர ஓட்டம் ஓடியிருக்கிறேன். ஒன்றிலும் ஜெயித்ததில்லை. ஜெயிக்காதவனுக்குத்தான் அடுத்தவனை ஜெயிக்க வைக்கும் வெறி அதிகம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு கட்டுமரம் கரை ஏறியது. அதிலிருந்து ஓர் இளைஞன் குதித்து, ஈர மணலில் வடக்குப் பார்த்து ஓட ஆரம்பித்தான். மீன் பட்ட சேதியை ஏலம் நடக்கும் இடத்தில் இருந்த தன் அக்காவிடம் சொல்லத்தான் ஓடினான். நான் ஏதோ நினைவில் கைக்கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்தேன். அவன் போய்ச் சேர்ந்ததும் மறுபடி பார்த்தேன். கடிகாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துக் கேட்டேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது!

திரும்பி நடந்து வந்தவனை மறித்து, இன்னொரு தடவை ஓடிக் காட்டுவாயா என்றேன்.

"எதுக்கு சார்? மீனு ஏதாச்சும் தப்பிச்சி ஓடிப்போச்சா?" என்று சிரித்தான். ஆனாலும் ஓடினான். முந்தியதைவிட வேகமாக ஓடினான்.

பின்னாலேயே அவன் அக்கா கூடையோடு வந்துவிட்டார். அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவர் அவர்தான். தெருத்தெருவாக மீன் விற்பவர்.

"யாரு சார் நீ? போலீசா?"

"இல்லை, காலேஜ் வாத்தியார்."

"வாத்தியாருக்கு காலாங்காத்தால எவன் ஓடறான்னு பாக்கறதுதான் வேலையா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். பொங்கலை ஒட்டி ஊரில் ஒரு பந்தயம் நடக்க இருந்தது. நகரைச் சுற்றிப் போகும் புல்வார் சாலைகளை மூன்று முறை சுற்றி ஓட வேண்டும். ஏறக்குறைய பதினாறு கிலோமீட்டர். தட்டாஞ்சாவடியில் புதிதாக வந்திருந்த ஒரு தொழிற்சாலை, முதலில் வருகிறவனுக்குத் தன் விளையாட்டுக் குழுவில் நிரந்தர வேலை தருவதாக அறிவித்திருந்தது.

அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, தம்பியின் கதையைச் சொன்னார். முத்தியால்பேட்டையில் ஒரு பெண். இவனும் அவளும் விரும்பினார்கள். பெண்ணின் அப்பா மில் தொழிலாளி. மாதச் சம்பளக்காரனுக்குத்தான் பெண் தருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். "கடலு இன்னிக்கு குடுக்கும், நாளைக்கு கைய விரிக்கும்னு சொல்றாரு அந்த ஆளு. அவரு சொல்றதும் நாயந்தான?" என்றார் அக்கா. பிறகு தம்பியைப் பார்த்து, "டேய், ஓடறியாடா?" என்றார். அவன் காலால் மணலைக் கீறிக்கொண்டே தலையை ஆட்டினான். அவன் காது வரை சிவந்திருந்தது.

அன்று மாலையே ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் வாங்கினேன். எனக்குப் பிரெஞ்சு தெரியும். நூலகத்தில் கிடைத்த ஒரு பழைய பிரெஞ்சுப் பத்திரிகையில், நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்குக் காய்கறிச் சாறுகள் தருவதைப் பற்றி ஒரு பக்கம் படித்திருந்தேன். அது போதாதா? பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, ஒரு பிடி முருங்கைக்கீரையை அரைத்து வடிகட்டிச் சேர்த்து, எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டு ஒரு சாறு தயாரித்தேன். தயாரித்தேன் என்கிறேன், துருவியது என் மனைவி. மூன்று மாதம் அவள் உள்ளங்கை சிவந்தே கிடந்தது. இதில் என் பங்கு, அளவு குறித்ததும் பெயர் வைத்ததும்தான். பீட்ரூட் என்று சொன்னால் மதிப்பில்லை என்று, அக்காவிடம் அதைப் பிரெஞ்சில் "பெத்தராவ்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

முதல் வாரம் என் எதிரிலேயே குடித்தான். நாலாம் நாள் பாதியில் டம்ளரை இறக்கிவிட்டு, கட்டுமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

"மண்ணக் கரைச்சிக் குடிச்ச மாதிரி இருக்குது சார். ரெண்டு மீன் சேத்துத் தின்னு சொல்லு, திங்கறேன். இத்த மட்டும் வுட்டுடு."

"மறுபேச்சு பேசாதே. ஜெயிக்கணுமா, வேண்டாமா?" என்றேன். வகுப்பில் மாணவர்களை அடக்கும் குரலில் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவன் கடலுக்குப் போய் வரும் நேரமும் என் கல்லூரி நேரமும் ஒத்துவரவில்லை. அதனால் தினமும் காலையில் சைக்கிளில் போய் ஒரு தூக்கு நிறையச் சாற்றை அக்காவிடம் கொடுத்துவிடுவேன். மாலையில் அவன் ஓட வரும்போது தூக்கு கழுவித் துடைத்துப் பளபளவென்று திரும்பி வரும்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது! பந்தயம் தார்ச்சாலையில் நடப்பதால், அவனை மணலிலிருந்து சாலைக்கு மாற்றினேன். நான் சைக்கிளில் பின்தொடர, அவன் வெறுங்காலோடு கடற்கரைச் சாலையிலும் புல்வார்களிலும் பறந்தான். ஒவ்வொரு வாரமும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஆறாவது வாரம் மூன்று சுற்றையும் முதல் தடவையைவிட நாலு நிமிடம் முன்னதாக முடித்தான். நாலு நிமிடம்! நான் நடுச்சாலையில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன். எதிரே வந்த ரிக்‌ஷாக்காரர் யாருக்கோ அடிபட்டுவிட்டதாக நினைத்து ஓடிவந்தார். வீட்டுக்கு வந்து நோட்டில் கோடு வரைந்து பார்த்தேன். சாறு தொடங்கிய நாளிலிருந்து கோடு அழகாகச் சரிந்து இறங்கியது. தினமும் ஓடினால் யாருக்கும் நேரம் குறையும் என்ற எண்ணம் ஒரு நொடிகூட எனக்கு வரவில்லை. எல்லாம் என் சாறு! பந்தயம் முடிந்ததும் கல்லூரி அறிவியல் மன்றத்தில் இதைப் பற்றிப் பேசுவதாக முதல்வரிடம் சொல்லியும்விட்டேன்.

ஒருநாள் தூக்கைக் கொடுக்கப் போனபோது அக்கா, "இன்னா சார், நேத்து எலுமிச்சம்பழம் தூக்கலா இருந்துச்சி?" என்றார். சுவை பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பாரக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னைவிட வேகமாக நடக்கிறாரே என்றுகூட ஒருநாள் தோன்றியது. தோன்றியதோடு சரி.

ஏழாவது வாரம் அவன், "ரோட்டுல ஓடனா காலு அதிருது சார். கொஞ்ச நாள் மணல்லயே ஓடறனே" என்றான். வெறுங்கால்தான் அவனுடைய பலம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நோட்டில் எழுதியதை மாற்ற முடியுமா? சாலையிலேயே ஓடச் சொன்னேன்.

அதற்கு அடுத்த வாரம் ஓடி முடித்து, ஒரு சுவரோரம் ஒதுங்கிவிட்டு வந்தவன், சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சார், ஒண்ணு சொல்லணும்." சுற்றிலும் ஒருதரம் பார்த்துக்கொண்டான். "ஓடிட்டு ஒண்ணுக்குப் போனா, செவப்பா போவுது."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவன் தோளில் தட்டினேன். பீட்ரூட்டின் நிறம் சிலருக்குச் சிறுநீரில் அப்படியே வரும், அதில் பயப்பட ஒன்றுமில்லை, சாறு உடம்பில் சேர்கிறது என்பதற்கு அதுவே சாட்சி என்று பாடம் நடத்தினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு "சரி சார்" என்று மட்டும் சொன்னான். நான் நோட்டில் அதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

கடைசி இரண்டு வாரம் அவன் வேகம் குறைந்தது. முகம் வெளுத்திருந்தது. அந்த நாட்களின் நேரத்தை நோட்டின் கோட்டில் நான் சேர்க்கவில்லை. எதிர்க்காற்று என்று ஒருநாள் எழுதினேன். தூக்கம் போதவில்லை என்று மறுநாள் எழுதினேன். சாற்றின் அளவை இரு மடங்காக்கினேன்.

பந்தய நாள். அப்படி ஒரு கூட்டத்தை அந்தச் சாலையில் நான் கண்டதில்லை. குப்பமே திரண்டு வந்திருந்தது. முத்தியால்பேட்டைப் பெண்ணும் வந்திருந்தாள். அவள் அப்பா கையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றார். துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்றில் இவன் மூன்றாவதாக வந்தான். இரண்டாவது சுற்றில் முதலாவதாக வந்தான்! அக்கா காலிக் கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே சாலையோரம் கூட ஓடினார். "வுடாதடா! வுடாத! இன்னும் ஒரு சுத்துதான்டா!" நான் சைக்கிளில் சந்து சந்தாகப் புகுந்து அவனுக்கு முன்னால் போய் நின்று, நேரத்தைக் கத்திச் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது.

மூன்றாவது சுற்றின் பாதியில் அவன் வேகம் விழுந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு மாணவன் நெருங்கிவிட்டான். கடைசித் திருப்பத்தில் இருவரும் தோளோடு தோள். அந்தப் பையன் பத்தடி முன்னால் கயிற்றைத் தொட்டான். இவன் இரண்டாவதாக வந்து, நிற்காமல் நடந்து, ஒரு மரத்துக்குப் பின்னால் போனான். சற்று நேரத்தில் அக்காவின் அலறல் கேட்டது. மரத்தடியில் அவன் சரிந்து கிடந்தான். பக்கத்தில் மண் கறுப்புக் காபி கொட்டியதுபோல் நனைந்திருந்தது.

ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மருத்துவர் இளைஞர். அவனைச் சோதித்துவிட்டுச் சிறுநீரைப் பற்றிக் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "அது ரத்தம் இல்லை டாக்டர், பீட்ரூட் நிறம். மூன்று மாதமாக நான்தான் கொடுக்கிறேன். நான் கெமிஸ்ட்ரி லெக்சரர்" என்றேன். அந்த நேரத்திலும் என் குரலில் பெருமை இருந்தது. அவர் என்னை நம்பினார். வெயிலில் ஓடிய களைப்பு, குளுக்கோஸ் ஏற்றிவிட்டு மாலையில் அனுப்பிவிடலாம் என்று எழுதத் தொடங்கினார்.

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த அக்கா திடீரென்று விம்மினார்.

"அவன் அத்த குடிக்கவே இல்ல சார்! மொத வாரத்தோட சரி. கொமட்டுதுன்னு எங்கிட்ட குடுத்துட்டான். நீ கோச்சிக்குவன்னு சொல்லவேணாம்னான். கொட்டறதுக்கு மனசு வரல. நாந்தான் தெனம் குடிச்சேன். எனுக்கு செவப்பா போவலயே சார்! குடிக்காத இவனுக்கு எப்படி போவும்?"

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வகுப்பில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன்: ஒன்றால்தான் இன்னொன்று நடக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அது இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு மீன்காரப் பெண் அந்தச் சோதனையை, அவர் அறியாமலே, தன் உடம்பில் செய்து முடித்திருந்தார். முதல் வாரம் போக, என் நோட்டில் மூன்று மாதமாக எழுதியிருந்தது அத்தனையும், சாறு குடிக்காத ஒருவனைப் பற்றியது.

எல்லாம் பரபரப்பானது. ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். அது ரத்தத்தின் நிறம்தான் என்று தெரிந்தது. அன்று காலையிலிருந்து தண்ணீர் வற்றிய உடம்பு வேறு. சிறுநீரகம் அடைத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது, நல்லபடியாகச் சிறுநீர் பிரிந்தால் பிழைத்தான் என்றார் மருத்துவர்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே இப்போது சொல்லப்போவதற்காகத்தான். வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாந்தான சார் காரணம்? அவனுக்குக் குடுத்தத நான் வாய்ல ஊத்திக்கினேனே. அதனாலதான் அவன் ரத்தம் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "அவன் குடித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது." அதைச் சொன்னபோது எனக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

இரண்டு நாள் காத்திருந்தோம். நர்ஸ் கண்ணாடிக் குப்பியைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் குப்பத்து ஆட்கள் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். மூன்றாம் நாள் காலை உள்ளேயிருந்து அக்கா வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு ஓடிவந்தார்: "வெள்ளையா போய்ட்டான் சார்! குப்பி ரொம்பிப் போச்சி!" ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ஒரு கிழவர் ஆடவே ஆரம்பித்துவிட்டார். அந்தக் குப்பியைப் பார்த்த சந்தோஷத்தை நான் எந்தப் பரிசுக் கோப்பையைப் பார்த்தும் அடைந்ததில்லை.

அன்று மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து விளக்கினார். கெட்டியான சாலையில் உள்ளங்கால் ஓங்கி ஓங்கி அடிக்கும்போது, சிலருக்குப் பாதத்தின் ரத்த நாளங்களிலேயே சிவப்பணுக்கள் நசுங்கி உடையும். அது சிறுநீரில் போகும். நாளடைவில் ரத்தமும் குறையும். "மணலில் ஓடியிருக்கலாம். சாலை என்றால் மெத்தென்று ஒரு ஷூ போதும்" என்றார். அக்காவுக்கும் இதில் சம்பந்தமில்லை, சாற்றுக்கும் சம்பந்தமில்லை. காரணம், அவனைத் தார்ச்சாலைக்குக் கொண்டுபோய், அவன் சொன்னதையெல்லாம் சிரித்து ஒதுக்கிய நான். இதைக் கேட்டுக்கொண்டு, நேரே வராந்தாவுக்குப் போய் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன்.

அதோடு அவர்கள் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன். அக்கா மீன் விற்கும் தெருக்களைச் சுற்றிக்கொண்டு போனேன்.

அடுத்த பொங்கலுக்கும் பந்தயம் நடந்தது. அவனும் ஓடுகிறான் என்று கேள்விப்பட்டு, கூட்டத்தின் பின்வரிசையில் ஒளிந்து நின்றேன். காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. நானும் இல்லை, நோட்டும் இல்லை, சாறும் இல்லை. முதல் சுற்றிலேயே முன்னால் வந்தான். மூன்றாவது சுற்றில் அவனுக்குப் பின்னால் சாலை வெறிச்சென்று இருந்தது; அவ்வளவு தூரம் முந்தியிருந்தான்! ஒளிந்து நிற்பதை மறந்து நான் கத்திய கத்தலில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. அவன் கயிற்றை அறுத்துக்கொண்டு போனான். முத்தியால்பேட்டைப் பெண்ணின் அப்பா கட்டிய கையை அவிழ்த்து, தலைக்குமேல் தூக்கித் தட்டினார். அந்தத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை கிடைத்தது, சித்திரையில் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வந்தது. நான் போகவில்லை.

1989இல் எனக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. ஊரை விட்டுப் போவதற்கு முந்திய நாள், எப்படியோ தைரியம் வந்து மீன் அங்காடிக்குப் போனேன். அக்காவுக்கு முடி நரைத்திருந்தது. எதிரே குந்தி உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்னது பொய் என்றும், குற்றம் முழுக்க என்னுடையது என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் மீனின் செதிளைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். கத்தி நிற்கவில்லை.

"அந்த டாக்டரு அன்னிக்கே எனுக்கும் சொல்லிட்டாரு சார்" என்றார். "ரெண்டு நாளு நான் அழுதது அழுததுதான். அப்புறம் தெரிஞ்சிபோச்சி. நீயா வந்து எப்ப சொல்லுவன்னு பாத்துனு இருந்தேன். ஏழு வருசம் புடிச்சிது உனுக்கு."

கோபமே இல்லாமல் சொன்னார். ஒரு வஞ்சிர மீனை இலையில் சுற்றி என் பையில் போட்டார். "எடுத்துனு போ. போற ஊர்ல யார்னா புள்ள எதுனா சொன்னா, மொதல்ல காது குடுத்துக் கேளு" என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்தவரிடம் பேரம் பேசத் தொடங்கிவிட்டார்.

இப்போதெல்லாம் பீட்ரூட் சாறு ஓட்டக்காரர்களுக்கு உண்மையாகவே உதவுகிறது என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். படிக்கும்போது, பார்த்தாயா என்று என் பழைய கர்வம் ஒரு கணம் தலை தூக்கும். அடுத்த கணம், சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் "சரி சார்" என்ற அந்த முகம் வந்து நிற்கும்; என் எதிரில் ஒருவன் எதையும் மறுக்காமல் தலையாட்டினால், அவனிடம் நான் எதைக் கேட்கத் தவறினேன் என்று இந்த வயதிலும் பதறிப்போய் யோசிக்கிறேன்.